லினக்ஸ் போட்டுக் கொடுத்தீங்க சரி, அப்கிரேடு யார் பண்றது?

நம்ம திருமங்கலம் சுத்துவட்டாரத்துல நிறைய வீட்டுப் பரண்ல ஒரு அரசு லேப்டாப் தூங்கிட்டு இருக்கும். அண்ணனோ அக்காவோ ப்ளஸ் டூ படிச்சப்போ வாங்கினது. 2011 செப்டம்பரில் ஆரம்பிச்ச திட்டம். அதுல விண்டோஸோட கூடவே பாஸ் லினக்ஸும் வந்தது ஞாபகம் இருக்கா? டெபியனை அடிப்படையா வச்சு சென்னை சி-டாக் உருவாக்கினது. ஆன் பண்ணும்போது வர்ற மெனுவில் அதை ஒரு தடவையாவது தேர்ந்தெடுத்தவங்க உங்க வீட்டுல யாராவது உண்டா?

மென்பொருள் மோசம்னு நான் சொல்ல மாட்டேன். உள்ளே போட்டுக் கொடுத்தாச்சு. அதுக்கப்புறம் அதை எப்படிப் புதுப்பிக்கிறதுன்னு பக்கத்துல உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லை. அவ்வளவுதான்.

இப்போ நாமளும் அதையேதான் செய்றோம். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிஞ்சதும், "பழைய லேப்டாப்புக்கு லினக்ஸ் போட்டுத் தரேன்"னு நம்ம பசங்க பென்டிரைவோட கிளம்பிட்டாங்க. அரை மணி நேர வேலை, ஒரு நியோஃபெட்ச் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். (அந்த நியோஃபெட்சே 2024-ல் பராமரிப்பு நின்னுபோன புரோகிராம்!) அதோட சரி, அந்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கிறதில்லை.

நீங்க போட்டது உபுண்டுவோட இடைக்கால வெளியீடுன்னா அதுக்கு ஆயுள் 9 மாசம். எல்.டி.எஸ்.னா 5 வருஷம். ஆயுள் முடிஞ்ச வெளியீட்டோட தொகுப்புகள் கொஞ்ச நாள்ல பழைய காப்பகத்துக்குப் போயிடும். அப்போ தங்கச்சி ப்ளஸ் டூ பைத்தான் பாடத்துக்கு எதையாவது இன்ஸ்டால் பண்ணப் போனா, திரை முழுக்க 404. அவ என்ன நினைப்பா? "லினக்ஸ்னாலே இப்படித்தான்". லேப்டாப் மறுபடி பரண்ல.

தள்ளிப்போடப் போட ஏற வேண்டிய படியும் கூடும். டெபியன் 11-ல இருந்து நேரா 13-க்குத் தாவ முடியாது. 12 வழியாத்தான் போகணும். நடுவுல கண்ட தளத்துல இருந்து இறக்கிப் போட்ட டெப் கோப்புகளும் பிபிஏக்களும் இருந்தா, ஒவ்வொரு படியிலும் ஒரு பஞ்சாயத்து.

அதனால என் கருத்து இதுதான்: ரெண்டு வருஷம் கழிச்சு அந்த வீட்டுக்குத் திரும்பப் போக முடியாதுன்னா, இன்னிக்குப் பென்டிரைவை வெளியே எடுக்காதீங்க. உங்க சொந்த மெஷின்ல ஆர்ச் போட்டு விளையாடுங்க, யார் கேக்கப் போறா? அடுத்தவங்க வீட்டுக்கு டெபியன் ஸ்டேபிள் இல்லாட்டி உபுண்டு எல்.டி.எஸ். போதும். பழைய 2 ஜிபி ராம் மெஷின்னா க்னோமை விட்டுட்டு எல்எக்ஸ்க்யூடி போடுங்க.

கட்டளையையும் நீங்க அடிக்காதீங்க, அவங்க கையாலேயே அடிக்க வைங்க. 'ஆப்ட் அப்டேட்' பட்டியலை மட்டும்தான் புதுப்பிக்கும், நிஜமா மென்பொருளை மாத்துறது 'ஆப்ட் அப்கிரேடு'. முதல் கட்டளையோட எழுந்து போயிட்டு "அப்டேட் பண்ணிட்டேனே"ன்னு சொல்றவங்க நம்ம கிளாஸ்லயே இருக்காங்க.

இன்னொண்ணு, பெரிய அப்கிரேடை மாசாந்திர ஷட்டவுன் அன்னிக்கு ஆரம்பிக்காதீங்க. பழைய லேப்டாப்ல பேட்டரி செத்திருக்கும், கரண்ட் போனா பாதியில நிக்கும். அப்படியே நின்னாலும் ஃபார்மட் பண்ண வேண்டாம். கரண்ட் வந்ததும் முதல்ல டிபிகேஜி-யை 'கான்ஃபிகர்' தெரிவோட ஓட்டிப் பாருங்க, பெரும்பாலும் விட்ட இடத்துல இருந்து எடுத்துக்கும்.