விமானம் வேண்டாம், தண்ணீர்த் தொட்டி போதும்!

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பர் நம் முன்னோர். புதிய கலை ஒன்றைக் கற்போர்க்குச் சுவராக அமைவது, அவர்கள் எடுத்துக்கொள்ளும் மாதிரித் திட்டமே. அது எப்படி இருத்தல் வேண்டும் என்பது பற்றி எங்கள் கருத்தைக் கூற விழைகிறோம்.

சிஸ்எம்எல் என்பது பொறியியல் அமைப்புகளைப் படங்களால் விளக்கும் மொழி. மென்பொருளுக்கென 1997-இல் ஏற்கப்பட்ட யூஎம்எல் மொழியிலிருந்து கிளைத்த இதன் முதற் பதிப்பு 2007-இல் வெளிவந்தது. அதில் ஒன்பது வகைப் படங்கள் உண்டு. 2025-இல் ஏற்கப்பட்ட இரண்டாம் பதிப்பில், படத்தைப் போலவே எழுத்து வடிவிலும் எழுதலாம்.

முதற் பதிப்பின் விதிநூல் தரும் எடுத்துக்காட்டு, எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் ஒரு கார். சிறந்ததுதான். ஆனால் காரின் உள்ளமைப்பை அறியாத மாணவி அதைப் பார்த்து வரைந்தால், அவள் கற்பது படியெடுக்கும் வித்தை மட்டுமே அன்றோ?

ஆகவே நாங்கள் விடுதியின் தண்ணீர்த் தொட்டியை எடுத்துக்கொண்டோம். தேவைப் படத்தில், "காலை நேரத்தில் தண்ணீர் குறையக்கூடாது; தொட்டி வழியக்கூடாது; கிணறு வற்றினால் மோட்டார் ஓடக்கூடாது" என்று எழுதினோம். கட்டமைப்புப் படத்தில் கிணறு, மோட்டார், குழாய், தொட்டி ஆகியவற்றை இணைத்தோம். நிலைப் படத்தில் ஒரு கேள்வி எழுந்தது: மின்சாரம் நின்று திரும்பி வந்தால், மோட்டார் தானே ஓட வேண்டுமா? அரைநாள் விவாதித்தோம்!

பிறகு கணக்கு. தொட்டி 5,000 லிட்டர், மோட்டார் நிமிடத்திற்கு 100 லிட்டர் ஏற்றும் எனக் கொண்டால், நிரம்ப 50 நிமிடம் ஆகும். அதே வேளையில் குழாய்களில் நிமிடத்திற்கு 20 லிட்டர் செலவானால் 62½ நிமிடம் ஆகும். கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடும் மனிதனைப் பற்றி நம் ஆண்டவர் கூறியது அப்போது நினைவுக்கு வந்தது.

எல்லாம் முடிந்ததென மகிழ்ந்தபோதுதான் எங்கள் பிழை தெரிந்தது. நாள்தோறும் விடியுமுன் எழுந்து மோட்டாரைப் போடுபவரும், தொட்டி வழிந்தால் ஓடிவந்து நிறுத்துபவரும் விடுதி ஆயா அம்மாவே. எங்கள் படங்கள் எதிலும் அவர் இல்லை! அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. வெட்கத்துடன் அவரிடம் சென்றோம். "இருட்டில் தொட்டி நிரம்பினது கண்ணுக்குத் தெரியாதும்மா" என்றார். எங்களுக்குத் தோன்றாத தேவை அது. அன்றே அதை முதல் வரியாக எழுதினோம்.

இவ்வளவு சிறிய திட்டத்தால் என்ன பயன் எனச் சிலர் கேட்கலாம். சிறியதாக இருந்தமையால்தான் எங்கள் தவறு எங்கள் கண்ணிலேயே பட்டது. விமானத்தை வரைந்திருந்தால், விடுபட்டவர் யாரென்று எங்களுக்கு யார் சொல்லியிருப்பார்?

அன்புள்ள பெற்றோரே, கடையில் ஆயத்தமாக விற்கும் திட்டங்களை உங்கள் மகளுக்கு வாங்கித் தராதீர்கள். அவை மதிப்பெண் தரலாம், அறிவு தரா. அருட்சகோதரியரே, படத்தின் அழகுக்கு மட்டுமன்றி, மாணவி யாரிடம் கேட்டறிந்தாள் என்பதற்கும் மதிப்பெண் தர வேண்டுகிறோம். தோழியரே, உங்கள் கைக்கெட்டும் பொருளொன்றைத் தேர்ந்தெடுங்கள். பென்சிலை எடுக்குமுன், அதனோடு அன்றாடம் உழைப்பவரைத் தேடிச் செல்லுங்கள். முதல் படம் அங்கேதான் தொடங்குகிறது.