கண்டிக்குக் கமரா வரட்டும். தண்டப்பணத்தில் கம்பனிக்குப் பங்கு வேண்டாம்

கொழும்பு நகரில் 2024 ஜனவரி 22ஆம் திகதி முதல், சீசீடிவி கமராவில் பதிவாகும் போக்குவரத்துக் குற்றங்களுக்கு வாகன உரிமையாளரைத் தேடித் தண்டப்பத்திரம் போகிறது. அவர் வசிக்கும் பிரதேசத்தின் பொலிஸ் நிலையம் ஊடாகவே அது அனுப்பப்படுகிறது. எனவே கொழும்புக்குச் சரக்கு எடுக்கச் செல்லும் அக்குறணை, மடவளை வியாபாரிகளுக்கும் இது சம்பந்தப்பட்ட விடயம்தான். தண்டப்பணத்தை கோவ்பே ஊடாகச் செலுத்தும் முறையும் 2025இல் ஆரம்பமானது. இந்த ஏற்பாடு இன்றில்லாவிட்டாலும் நாளை கண்டிக்கும் வரும். அதற்கு முன், கமராவை யார், எந்த நிபந்தனையில் தருகிறார்கள் என்று கேட்டு வைப்பது நல்லது.

உலகில் இந்த வியாபாரத்தில் பெரிய பெயர்கள் சில. ஜேர்மனியின் யெனொப்டிக், விட்ரோனிக், சுவீடனின் சென்சிஸ் கட்சோ, அமெரிக்காவின் வெர்ரா மொபிலிட்டி ஆகியவை அவற்றுள் அடங்கும். வெர்ராவுடன் நீண்டகாலம் போட்டியிட்ட அவுஸ்திரேலியாவின் ரெட்ஃப்ளெக்ஸ் நிறுவனத்தை 2021இல் வெர்ராவே வாங்கிவிட்டது. போட்டியாளர்கள் குறையும்போது வாங்குபவரின் பேரம் பேசும் பலமும் குறைகிறது.

இந்தக் கம்பனிகள் பணம் பெறும் முறைகள் பல. கருவியை விற்றுவிட்டுப் பராமரிப்புக்குக் கட்டணம் பெறுவது ஒன்று. கமராவுக்கு மாத வாடகை வாங்குவது மற்றொன்று. "உங்களுக்கு ஒரு சதமும் செலவில்லை, தண்டப்பணத்தில் எமக்கு ஒரு பங்கு தந்தால் போதும்" என்பது மூன்றாவது. கடன் சுமையில் இருக்கும் ஒரு நாட்டுக்கு மூன்றாவது முறை இனிப்பாகத் தெரியும். ஆபத்தும் அதில்தான் அதிகம். மக்கள் சட்டத்தை மதித்து ஓட்டத் தொடங்கினால் கம்பனியின் வருமானம் விழுந்துவிடும். வீதி பாதுகாப்பாவது யாருக்கு நட்டமோ, அவரிடமே அந்தப் பாதுகாப்பை ஒப்படைப்பது புத்திசாலித்தனமா?

அமெரிக்காவின் சிக்காகோ நகரம் இதில் பெரிய பாடம். அங்கு 2003 முதல் ரெட்ஃப்ளெக்ஸ் நிறுவனமே சிவப்பு விளக்குக் கமராக்களை நடத்தியது. பொருத்தப்பட்ட ஒவ்வொரு கமராவுக்கும் 2,000 டொலர் வரை நகர அதிகாரி ஒருவருக்கு இலஞ்சமாகப் போனது. 2016இல் அவருக்கு 10 வருட சிறை. நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையின் முன்னாள் தலைவரும் சிறை சென்றார். 2017இல் நிறுவனம் நகரத்துக்கு 20 மில்லியன் டொலர் செலுத்த இணங்கியது. இதற்கிடையே ஒப்பந்தம் வேறு நிறுவனத்துக்கு மாறியும் பிரச்சினை தீரவில்லை. 3 செக்கனுக்குச் சற்றுக் குறைவாக, 2.9 செக்கன் மட்டும் மஞ்சள் விளக்கு எரிந்த இடங்களிலும் தண்டம் விதிக்கப்பட்டது 2014இல் அம்பலமானது. அந்தப் பத்திலொரு செக்கனால் சுமார் 77,000 தண்டப்பத்திரங்கள், 7.7 மில்லியன் டொலர்.

அயலில் கேரளாவைப் பாருங்கள். அங்கு 726 கமராக்களுடன் 2023 ஜூன் 5ஆம் திகதி தண்டம் அறவிடத் தொடங்கினார்கள். திட்டம் அரச நிறுவனமான கெல்ட்ரோனிடம் இருந்தது. அதனிடமிருந்து ஒரு தனியார் கம்பனிக்கும், அங்கிருந்து உப ஒப்பந்தமாக வேறு கம்பனிகளுக்கும் வேலை கைமாறியது. ஊழல் என்று எதிர்க்கட்சித் தலைவர்கள் தொடுத்த வழக்கை உயர் நீதிமன்றம் 2025இல் தள்ளுபடி செய்தது. ஆனால் ஆரம்பத்திலேயே ஒப்பந்த ஆவணங்கள் பகிரங்கமாக இருந்திருந்தால், இரண்டு வருடம் நீடித்த சந்தேகத்துக்கு இடமே இருந்திருக்காது.

நமக்கும் அனுபவம் இல்லாமலில்லை. இணைய விசா வழங்கும் பணி வீ.எஃப்.எஸ் தரப்புக்குக் கொடுக்கப்பட்ட விதம் பற்றிய மனுக்களில், அந்த ஏற்பாட்டை இடைநிறுத்தி 2024 ஓகஸ்ட் 2ஆம் திகதி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. முறையான விலைமனுக் கோரல் இல்லை என்பதே அங்கும் பிரதான முறைப்பாடு.

இனி கண்டிக்கு வருவோம். தலதா வீதியிலும் பேராதனை வீதியிலும் பகல் நேரத்தில் வாகனங்கள் ஊர்ந்துதான் செல்கின்றன. வேகம் கூடுவது நகருக்கு வெளியே, திகன வழியான மஹியங்கனை வீதி, அக்குறணை வழியான ஏ9, பிலிமத்தலாவைப் பக்கம் ஏ1 ஆகியவற்றில். உயிரைக் காப்பது நோக்கமானால் கமரா அங்கே போக வேண்டும். வருமானம் நோக்கமானால் நகரச் சந்திகளில் குவியும். அழிந்துபோன வெள்ளைக் கோட்டை மிதித்ததற்கும், பெரஹரா காலத்தில் திசை மாற்றப்பட்ட வீதியில் போனதற்கும், ஜும்ஆ நேரத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தியதற்கும் சேர்த்துத் தண்டம் வரும். வாகனத்தை விற்றும் பெயர் மாற்றாதவர்களின் வீட்டுக்கும் கடிதம் வரும். அன்றாடம் உழைக்கும் முச்சக்கர வண்டிச் சாரதிக்கு ஒரு தண்டப்பத்திரம் என்பது ஒரு நாள் உழைப்பு.

பதிவுகள் யார் கையில் இருக்கும் என்பதும் சிறிய விடயமல்ல. 2018 மார்ச்சில் திகனையில் மூண்ட வன்முறைக்கு முன்னோடியாக இருந்தது தெல்தெனியவில் நடந்த ஒரு வீதித் தகராறு. பின்னர் என்ன நடந்தது, யார் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பதற்குக் கமராப் பதிவுகளே சாட்சியாகப் பேசப்பட்டன. அப்படிப்பட்ட பதிவு ஒரு கம்பனியின் கணினியில் பூட்டிக் கிடந்தால் பாதிக்கப்பட்டவன் எங்கே போவான்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தத்திலும் அது எழுதப்பட வேண்டும்.

ஆகவே கண்டி மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களும் மாநகர சபை உறுப்பினர்களும் இவற்றை இப்போதே கேட்க வேண்டும். பகிரங்க விலைமனு கோரப்பட வேண்டும். தண்டப் பத்திரங்களின் எண்ணிக்கைப்படி கம்பனிக்குப் பணம் கொடுக்கக் கூடாது. கருவி சரியாக இயங்கிய நாட்களுக்கே கொடுக்க வேண்டும். கருவியின் துல்லியத்தைச் சுயாதீனமான தரப்பு பரிசோதிக்க வேண்டும். பதிவுகள் அரசின் உடைமையாக இருக்க வேண்டும். கம்பனியை மாற்றினாலும் கமராக்கள் வேலை செய்ய வேண்டும். தண்டப்பத்திரம் மும்மொழியிலும் வர வேண்டும். மேன்முறையீட்டுக்குக் கண்டியிலேயே வழி இருக்க வேண்டும்.

வீதியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம் ஊர்களிலும் உண்டு. கமராவை எதிர்க்க நமக்குக் காரணமில்லை. ஒப்பந்தம் கைச்சாத்தான பிறகு கூச்சலிடுவதை விட, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்து அதற்கு முன்னரே கேட்பது பயனுள்ளது. அதைப் பள்ளிவாசல் நிர்வாகங்களும் வர்த்தகச் சங்கங்களும் முச்சக்கர வண்டிச் சங்கங்களும் இனபேதமின்றிச் சேர்ந்து செய்யலாம்.