வீடியோவை ஓட விடாதீர்கள்!

கோடை விடுமுறைக்கு வந்த என் அக்கா மகன் களிமண்ணில் ஒரு மீனவரும் அட்டையில் ஒரு படகும் செய்து வைத்திருந்தான். "மாமா, இவர் கடலுக்குப் போற மாதிரி படம் எடுக்கணும். பின்னாடி நிஜ அலை அடிக்கணும்" என்றான். நண்பரிடம் ஒரு புரொஜக்டரை இரவல் வாங்கினேன். இன்டர்நெட்டில் தேடி ஒரு புரொஜக்‌ஷன் மேப்பிங் சாஃப்ட்வேரை டவுண்லோட் செய்தேன். கடல் வீடியோவைப் பின்னால் ஓடவிட்டு, படகைத் துளித் துளியாக நகர்த்தி, 4 மணி நேரத்தில் 90 படங்கள் எடுத்தோம். விநாடிக்கு 12 படம் என்று ஓட்டினால் ஏழரை விநாடி வரும். (ஏழரை என்றதும் சிரிக்காதீர்கள், அதுதான் நடந்தது.) படகு அழகாக மிதந்து போனது. கடலோ பேய் பிடித்த மாதிரி துள்ளியது. பையன் முகம் வாடிவிட்டது. தப்பு அவனுடையது அல்ல, என்னுடையது.

என்ன தப்பு என்று சொல்வதற்கு முன், புதியவர்களுக்காக இரண்டு வார்த்தை. பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு போட்டோ, மறுபடி நகர்த்தி இன்னொரு போட்டோ என்று எடுத்து, எல்லாவற்றையும் வேகமாக ஓட்டினால் பொம்மை தானே நடப்பது போலத் தெரியும். இதுதான் ஸ்டாப் மோஷன் அனிமேஷன். சினிமாவின் வேகம் விநாடிக்கு 24 படம். வீட்டில் 12 எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு முறை காட்டினாலே போதும். புரொஜக்‌ஷன் மேப்பிங் என்பது, புரொஜக்டரிலிருந்து வரும் படத்தின் மூலைகளை மவுஸால் பிடித்து இழுத்து, ஒரு பெட்டியின் பக்கத்திலோ சாய்ந்த அட்டையிலோ கச்சிதமாக உட்கார வைப்பது. கட்டடங்களின் சுவர் முழுக்க வண்ணப் படம் ஓடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே வித்தைதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு போட்டோவுக்கும் அடுத்த போட்டோவுக்கும் நடுவே படகை நகர்த்த எங்களுக்கு 2 நிமிடத்துக்கு மேல் ஆனது. அந்த நேரமெல்லாம் பின்னால் வீடியோ தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. படத்தில் இந்த இரண்டு போட்டோக்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி, விநாடியில் 12-ல் ஒரு பங்கு. படகு அந்த அளவுக்குத்தான் நகர்ந்திருக்கிறது. கடலோ 2 நிமிடம் தாவிவிட்டது. துள்ளாமல் என்ன செய்யும்?

இங்கேதான் என் கருத்தைச் சொல்கிறேன். இந்த சாஃப்ட்வேர்கள் பெரும்பாலும் மேடைக்காகப் பிறந்தவை. சுவிட்சர்லாந்தின் கராஜ்கியூபும் பிரான்சின் 1024 ஆர்கிடெக்சரும் சேர்ந்து 2011-ல் வெளியிட்ட மேட்மேப்பர் ஆகட்டும், இசை நிகழ்ச்சிகளில் பயன்படும் ரெசொல்யூம் அரீனா ஆகட்டும், 'லைவ்' என்பதுதான் அவற்றின் பெருமை. விளம்பரமும் அதைத்தான் சொல்லும். நாமும் அதைப் பார்த்துத்தான் மயங்குகிறோம். ஸ்டாப் மோஷனுக்கு அந்த லைவ் வேண்டவே வேண்டாம். மூலைகளை இழுத்துப் பொருத்தும் பாதி மட்டும் போதும். அந்தப் பாதி, சத்தியமாக, பெரிய வரம்.

இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு அல்ல. 1933-ல் வந்த 'கிங் காங்' படத்தில் வில்லிஸ் ஓ'பிரையன் இதைத்தான் செய்தார். குட்டிக் காட்டுக்குள் ஒரு குட்டித் திரையை மறைத்து வைத்து, நடிகர்களை முன்பே எடுத்த ஃபிலிமைப் பின்னாலிருந்து அதன் மேல் காட்டினார். ஆனால் ஓட விடவில்லை. ஃபிலிமில் ஒரு ஃபிரேம் தள்ளு, குரங்கைக் கொஞ்சம் நகர்த்து, ஒரு ஃபிரேம் எடு. ரே ஹாரிஹவுசன் 1958-ல் சிந்துபாத் படம் செய்தபோதும் இதே பொறுமைதான். கம்ப்யூட்டரே இல்லாமல் அவர்கள் செய்ததை, கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு நான் கோட்டை விட்டேன்.

அப்படியானால் எப்படிச் செய்வது? பின்னணி வீடியோவை முதலில் தனித்தனிப் படங்களாக உடையுங்கள். விநாடிக்கு 12 என்றால், 10 விநாடிக்கு 120 படங்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச புரோகிராம் ஒரே கட்டளையில் செய்துவிடும். கட்டளை தட்டிப் பழகாதவர்களுக்கு அது முரட்டு ஆசாமியாகத் தெரியும். அவர்கள் தங்களிடம் உள்ள வீடியோ எடிட்டிங் புரோகிராமில் 'இமேஜ் சீக்குவென்ஸ்' என்ற பெயரில் சேமிக்கும் வசதி இருக்கிறதா என்று தேடலாம். பிறகு அந்தப் படங்களை முழுத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். வலது அம்புக்குறி கீயை ஒரு தட்டு, பொம்மையை ஒரு நகர்த்து, ஒரு கிளிக். அவ்வளவுதான்.

கவனித்தீர்களா? பின்னால் இருப்பது நேரான ஒரே திரை என்றால் மேப்பிங் சாஃப்ட்வேரே தேவையில்லை. பவர்பாயிண்டில் இன்செர்ட் மெனுவில் உள்ள போட்டோ ஆல்பம், 120 படங்களையும் ஸ்லைடுக்கு ஒன்றாகப் போட்டுத் தந்துவிடும். படகின் பாயில் ஒரு படம், பக்கத்து வீட்டுச் சுவரில் இன்னொரு படம் என்று ஆசைப்படும்போது மேப்பிங் பக்கம் போங்கள். நார்வே கலைஞர் எச்.சி. கில்ஜே இலவசமாகத் தரும் விபிடி இருக்கிறது, மேப்மேப் இருக்கிறது. காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால், முதலில் சோதனைப் பதிப்பில் ஒரே ஒரு விஷயம் பாருங்கள்: ஒரு கீயைத் தட்டினால் ஒரு படம் மட்டும் நகர்கிறதா? இல்லை என்றால் அது எத்தனை ஆயிரம் ரூபாய் சாஃப்ட்வேராக இருந்தாலும் உங்களுக்கு உதவாது.

"எதற்கு இந்தப் பாடு? பச்சைத் துணி போட்டு எடுத்து, பின்னணியைக் கம்ப்யூட்டரில் ஒட்டலாமே?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பச்சைத் துணியில் எடுத்தால் பின்னணியை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். புரொஜக்டரில் எடுத்தது எடுத்ததுதான். ஆனாலும் என் ஓட்டு புரொஜக்டருக்கே. நெருப்பைக் காட்டினால் அதன் சிவப்பு மீனவரின் கன்னத்தில் உண்மையாகவே விழுகிறது. ஒட்டு வேலையில் அதைக் கொண்டுவர எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தவிர, களிமண்ணைப் பிசையும் பிள்ளைக்கு வெளிச்சம் கண் முன்னால் விழ வேண்டும். (நெருப்பு எப்படித் துள்ளினாலும் அழகுதான். அதற்கு மட்டும் வீடியோவை ஓடவிடலாம்.)

இரண்டாவது முயற்சியில் வேறு தொல்லைகள் வந்தன. படத்தில் வண்ணப் பட்டைகள் விழுந்தன. பல டிஎல்பி புரொஜக்டர்களில் சுழலும் வண்ணச் சக்கரம் ஒன்று உண்டு. அது சிவப்பு, பச்சை, நீலத்தை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகிறது. கேமரா அவசரப்பட்டால் பாதிதான் பிடிக்கும். ஷட்டரை கால் விநாடி, அரை விநாடி என்று மெதுவாக வையுங்கள். பொம்மை அசையாமல்தானே நிற்கிறது! கேமராவில் எக்ஸ்போஷர், வெண்மைச் சமநிலை எதையும் ஆட்டோவில் விடாதீர்கள். புரொஜக்டரில் 'டைனமிக் கான்ட்ராஸ்ட்' இருந்தால் அணைத்துவிடுங்கள். பிறகு, ஸ்கிரீன் சேவர். 53-வது படத்தில் கடல் போய், திரையில் வண்ணக் குமிழிகள் மிதந்தன. அதை முதலிலேயே நிறுத்தி வைத்திருக்க வேண்டும். மெசேஜ் வந்ததும் மூலையில் எட்டிப் பார்க்கும் அறிவிப்புகளையும் நிறுத்துங்கள்.

புரொஜக்டர் வாங்கும் எண்ணம் இருந்தால் ஒரு வார்த்தை. பெட்டியில் '1080பி சப்போர்ட்' என்று பெரிதாக எழுதியிருக்கும். அந்த அளவு வீடியோவை ஏற்றுக்கொள்ளும் என்றுதான் அதற்கு அர்த்தம். 'நேட்டிவ் ரெசொல்யூஷன்' எவ்வளவு என்று கேளுங்கள். குறைந்தபட்சம் எவ்வளவு தூரத்தில் ஃபோகஸ் ஆகும் என்றும் கேளுங்கள். நம் மேடை சாப்பாட்டு மேஜை அளவுதான். கிட்டத்தில் ஃபோகஸ் ஆகாவிட்டால் பாதிக் கடல் மேஜைக்கு வெளியே, சுவரில்தான் அடிக்கும்.

ஒவ்வொரு படம் எடுத்ததும் பின்னணிப் படத்தின் எண்ணை ஒரு நோட்டில் குறித்து வைப்பது இப்போது அக்கா மகனின் வேலை. 71-ல் கரண்ட் போனது. வந்ததும் 72-லிருந்து தொடர்ந்தோம்.