சாய்த்தால் அழகாகுமா?

நம் தமிழ்ப்பள்ளிகளில் ஒரு பழக்கம் வேரூன்றி வருகின்றது. நற்சான்றிதழாயினும் பயிற்சித்தாளாயினும், கணினியில் ஒரு பொத்தானை அழுத்தித் தமிழெழுத்தைச் சாய்த்துவிட்டால் அழகு கூடிவிட்டதாக எண்ணுகின்றோம். ஆங்கில அச்சில் சாய்வெழுத்து எழிலாக இல்லையா என்று கேட்போரும் உளர். அவ்வெழுத்து பிறந்த வரலாற்றை அறிந்தோர் இவ்வாறு கேளார்.

அவ்வெழில் சாய்வினால் வந்ததன்று, எழுதுகோலால் வந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர்கள் பட்டைமுனைப் பேனாவால் விரைந்தெழுதியபோது எழுத்துகள் குறுகின, சற்றே சாய்ந்தன, ஏறுகோடு மெலிந்தது, இறங்குகோடு தடித்தது. போப்பாண்டவரின் செயலகமும் இக்கையெழுத்தை ஏற்றது. 1501-இல் வெனிசு நகரத்து ஆல்டசு மனூசியசு, வர்ஜிலின் கவிதைகளை இவ்வடிவில் கையடக்க நூலாக அச்சிட்டார். அதற்கான அச்சுருவைச் செதுக்கியவர் பிரான்செசுகோ கிரிஃபோ. 1979-இல் செர்மானியக் கலைஞர் ஹெர்மன் ஸாப்பின் படைப்பாக வெளிவந்த 'ஸாப் சான்சரி' எழுத்துரு அம்மரபின் வழித்தோன்றலே.

அதனை உற்று நோக்குங்கள். சாய்வு சிறிதே; உருமாற்றமே பெரிது. நிமிர்ந்த அச்சில் ஈரடுக்காய் நிற்கும் சிறிய 'ஏ' எழுத்து, இதில் ஒற்றை வளைவாகின்றது. பேரெழுத்துகள் கொடிபோல் சுருண்டு நீள்கின்றன. அழைப்பிதழுக்கும் பாராட்டுப் பத்திரத்திற்கும் சிறு கவிதைக்கும் இது அணி. ஆயின் ஒரு சொல் முழுவதையும் இதன் பேரெழுத்துகளால் கோத்தால் கொடிகள் பின்னிப் படிக்க இயலாது போகும். பக்கம் பக்கமாக உரைநடையை அச்சிட்டால் கண் சலிக்கும்.

ஆல்டசு முழு நூலையே சாய்வெழுத்தில் அச்சிட்டாரே என்பீர். அவர்தம் வாசகர்க்கு அது நாள்தோறும் பழகிய கையெழுத்து. அத்தகைய பழக்கம் நம் மாணவர்க்கு உண்டா? பிற்காலத்தில் ஐரோப்பியரே அதனை நூற்பெயர்க்கும் அழுத்தம் தர வேண்டிய சொற்களுக்கும் எனச் சுருக்கிக்கொண்டனர்.

நம் எழுத்தின் வரலாறு வேறு. ஓலையில் எழுத்தாணி கீறிய கோடு எங்கும் ஒரே பருமன் உடையது. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறிய நாள்முதல் தமிழ் அச்சு பெரும்பாலும் நிமிர்ந்தே வளர்ந்தது. அதனைக் கணினி சாய்க்கும்போது எந்த எழுத்தும் உருமாறுவதில்லை. நின்றது சரிகின்றது, அவ்வளவே. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் தோன்ற, முதலாம் ஆண்டுப் பிள்ளை திணறுகின்றது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தையின் வழியில் நாமே கல்லை இடலாமா?

ஆசிரிய நண்பர்களே! அழுத்தம் வேண்டுமெனில் தடித்த எழுத்துண்டு, மேற்கோட்குறியுண்டு. அழகு வேண்டுமெனில் பட்டைமுனைப் பேனாவை மாணவர் கையில் கொடுங்கள். தமிழெழுத்தை எழுதிப் பழகட்டும். இத்தாலியர்க்கு அழகெழுத்து கையில்தான் பிறந்தது. நமக்கும் அது கையில்தான் பிறக்கும்; பொத்தானில் பிறவாது.