'கூலி' என்று எழுதினால் போதுமா?

வடசென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குத் துறைமுகத் தொழிலாளியும் வருகிறார், எண்ணூர், திருவொற்றியூர் ஆலைத் தொழிலாளியும் வருகிறார். மீஞ்சூர், பொன்னேரி பக்கத்திலிருந்து பஸ் ஏறி விவசாயியும் வருகிறார். 1782-ல் பஞ்சத்தின்போது ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் இதற்கு மூலம். 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்ற பெயர் அப்படி வந்ததே. 1938-ல் இங்கு மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது.

மருத்துவ மாணவர் வார்டில் முதலில் கற்பது நோயாளியைக் கேட்டுக் குறிப்பு எழுதுவது. பெயர், வயது, ஊர், தொழில் என்று அது வரிசையாகப் போகும். தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்றோ 'விவசாயம்' என்றோ ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. அறுவடை முடிந்ததும் ஆலைக்கு மூட்டை தூக்கப் போகும் சிறு விவசாயியும் 'கூலி'தான்; கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டி அடுத்தவர் வயலுக்கு மருந்து அடிப்பவரும் 'கூலி'தான். நோய்க்கான காரணம் இந்த ஒரு சொல்லுக்குள் மறைந்து போகிறது.

சேற்றில் நின்றவரின் காய்ச்சல்

கார்த்திகை மாதத்தில் ஒருவர் கடும் காய்ச்சலுடன் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைவலி, கண் சிவப்பு, கெண்டைக்காலைத் தொட்டாலே வலி. சில நாளில் கண் மஞ்சளாகிறது. மலேரியாவா, டெங்குவா, காமாலையா என்று மாணவர் திகைக்கிறார். "ஐயா, இந்த ஒரு மாதமாக என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்டால் வழி பிறக்கும். சம்பா வயலில் களை பறிக்கச் சேற்றில் நின்றிருப்பார். காலில் வெட்டுக் காயம் இருந்திருக்கும். வரப்பில் எலி வளை இருந்திருக்கும். எலியின் மூத்திரம் கலந்த நீரிலிருந்து லெப்டோஸ்பைரா என்ற கிருமி காயத்தின் வழியே உடலுக்குள் புகும். இதுவே எலிக் காய்ச்சல். மாட்டு மூத்திரத்திலும் இக்கிருமி இருக்கலாம் என்பதால், வீட்டு மாடு கன்று வீசியிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சீக்கிரம் கண்டுகொண்டால் பெனிசிலின், டாக்ஸிசைக்ளின் போன்ற சாதாரண மருந்துகளே போதும். வெறும் காமாலை என்று எண்ணிக் கீழாநெல்லி அரைத்துக் குடித்து நாளைக் கடத்தினால் சிறுநீரகம் கெட்டு உயிருக்கே ஆபத்தாகும்.

பயத்தில் மறைப்பது

பூச்சி மருந்து விஷயம் இதைவிட அவசரமானது. எதிர்க்காற்றில் மருந்து அடித்தவருக்கு வியர்வை கொட்டும், வாயில் எச்சில் வழியும், வாந்தி பேதியாகும், மூச்சு இரைக்கும், கண்ணின் பாப்பா ஊசிமுனை போலச் சுருங்கும். மேலோட்டமாகப் பார்த்தால் வாந்திபேதி போலவோ இரைப்பு போலவோ தோன்றும். உண்மை தெரிந்தால் அட்ரோபின் ஊசி போட்டு உயிரைக் காப்பாற்றலாம்.

ஆனால் உண்மையைச் சொல்லப் பலர் அஞ்சுகிறார்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ, தற்கொலை முயற்சி என்பார்களோ என்ற பயத்தில் 'வெயிலில் மயங்கி விழுந்தார்' என்று வீட்டார் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பொய்யால் வீணாகும் ஒரு மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறக்கக் கூடாது.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில், உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. கண் எரிச்சல், மூச்சுத் திணறலுடன் பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஊரே சேர்ந்து பாதிக்கப்பட்டதால் காரணத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. வயலில் தனியாக மருந்து அடித்துத் தனியாக விழும் விவசாயிக்கு அப்படிச் சாட்சி சொல்ல ஊர் இல்லை. அவரோ அவர் வீட்டாரோதான் சொல்லியாக வேண்டும்.

சோதனைகள் போதாவா?

இன்று ரத்தச் சோதனையும் ஸ்கேனும் இருக்கும்போது வேலையைப் பற்றி ஏன் கேட்க வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். எந்தச் சோதனை செய்வது என்று முடிவு செய்யவே இந்தக் கேள்வி வேண்டும். செய்யாத சோதனை எதையும் காட்டாது. கூட்டத்தில் நேரமில்லை என்பதும் சரியல்ல. கேள்விக்கு அரை நிமிஷம்தான் ஆகும். இத்தாலிய மருத்துவர் ராமஸினி, தொழிலாளர் நோய்கள் பற்றி 1700-ல் எழுதிய நூலிலேயே, நோயாளியிடம் 'உன் தொழில் என்ன?' என்றும் கேட்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் மாணவப் பருவத்திலேயே வர வேண்டும். மருத்துவக் கல்லூரிகள் மாணவர்களைச் சில நாளாவது நடவுக் காலத்திலும் மருந்து அடிக்கும் காலத்திலும் வயலுக்கு அழைத்துப் போவது நல்லது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

கடந்த ஒரு மாதத்தில் செய்த வேலையை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். காலில் காயம், பூச்சிக் கடி, கறுத்த பொருக்கு இருந்தால் கூச்சப்படாமல் காட்ட வேண்டும். புதர் வெட்டியவருக்கு அக்குளிலோ தொடை இடுக்கிலோ இருக்கும் சிறு பொருக்கு உண்ணிக் காய்ச்சலின் அடையாளமாக இருக்கலாம்.

மருந்து அடித்து மயங்கியவரின் துணிகளைக் களைந்து, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. காலி டப்பாவையும் அதோடு வந்த துண்டுத் தாளையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். விஷக் குறிகள், முதலுதவி, மாற்று மருந்து ஆகியவை அந்தத் தாளில் அச்சாகியிருக்க வேண்டும் என்பது விதி. கேரளத்தில் 1958-ல் பாரத்தியான் கலந்த கோதுமை மாவைத் தின்று 100-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-ல் வந்தது அதற்குப் பிறகுதான். அத்தனை உயிர்களைக் கொடுத்துப் பெற்ற தாளை வரப்பில் எறிந்துவிட்டு வருவது அறிவுடைமை ஆகாது.