முந்திரி மூட்டையும் மனைவியும்

பண்ருட்டி வட்டத்தில், நெய்வேலிக்கு அருகிலுள்ள காடாம்புலியூர்ப் பக்கத்து ஜனங்களுக்கு முந்திரியே செல்வம். அங்கே ஒருவன் பிறர் தோப்பில் ஒரு மூட்டை முந்திரிக்கொட்டையைத் திருடித் தண்டனை பெற்று, மறுபடியும் திருடிக் குற்றவாளியென்று தீர்ப்பானால், 2024 ஜூலை 1 முதல் அமுலிலிருக்கும் பாரதீய நியாய சம்ஹிதையின் 303-வது பிரிவு ஓராண்டுக்குக் குறையாத கடுங்காவலை விதிக்கிறது. அது ஐந்தாண்டு வரை போகலாம். அதே ஆசாமி மனைவியை அடித்துத் துன்புறுத்தித் தண்டனை பெற்று, வெளியே வந்து மீண்டும் அதையே செய்தால்? 85-வது பிரிவின்படி அதிகபட்சம் மூன்றாண்டு. குறைந்தபட்சம் என்பதே இல்லை. முதல் தடவைக்கும் அதுதான், நாலாம் தடவைக்கும் அதுதான். 1983-இல் பழைய பீனல் கோடில் 498-ஏ பிரிவு சேர்க்கப்பட்டபோது குறித்த அளவு இன்றுவரை நகரவில்லை. மூட்டைக்கு உள்ள மதிப்பு மனைவிக்கு இல்லையா என்று கேட்கிறோம்.

சட்டம் செய்தவர்கள் இந்தத் தத்துவத்தை அறியாதவர்களல்லர். பெண்ணைத் தெருவில் பின்தொடர்ந்து தொல்லை செய்பவனுக்கு முதல் முறை மூன்றாண்டு வரை, மறுமுறை ஐந்தாண்டு வரை என்று அதே சம்ஹிதை பேதம் காட்டுகிறது. வீட்டு வாசற்படியைத் தாண்டியதும் அதற்கு ஞாபகம் அற்றுப்போகிறது!

பொய் வழக்குகள் பெருகுமே என்று சிலர் ஆட்சேபிப்பர். விசாரியாமல் கைது செய்வதை சுப்ரீம் கோர்ட்டு 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் கண்டித்தது நியாயமே. ஆனால் நாம் பேசுவது ஒரு முறை குற்றம் ருசுவாகி, மறுமுறையும் ருசுவானவனைப் பற்றி.

மெய்யான சிக்கல் வேறு. 2019-21 தேசியக் குடும்பநல சர்வேயில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் கொடுமைக்கு ஆளானதாகக் கூறினர். இவற்றில் கோர்ட்டுப் படியேறுவன எத்தனை? ஏறியவையும் உறவினர் முன்னிலையில் ராஜியாகின்றன. ராஜியான வழக்கை ஹைகோர்ட்டு ரத்து செய்யலாமென்று 2003-லேயே தீர்ப்பாகிவிட்டது. முதல் தண்டனையே பதிவாகாதவனுக்கு இரண்டாம் தண்டனை ஏது?

ஆகவே 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்திலிருந்து தொடங்குவதே உசிதம். மாஜிஸ்திரேட்டின் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 31-வது பிரிவு. கூடியவரை உத்தரவிட்ட மாஜிஸ்திரேட்டே மீறலையும் விசாரிக்க வேண்டுமாதலால், பழைய சரித்திரம் அவர் கைக்கட்டிலேயே இருக்கும். அபராதம் கட்டித் தப்பும் வழியை இரண்டாம் மீறலுக்கேனும் அடைக்க வேண்டும். நம்மவர் பல லட்சம் பேர் வாழும் மலேயாவில் 1994-இல் இயற்றிய சட்டமே, உத்தரவை மீறி மீண்டும் அடிப்பவனுக்கு 72 மணி நேரத்துக்குக் குறையாத சிறையை விதித்தது.

இன்னொன்றும் உண்டு. கணவன் சிறை சென்றால் அடுப்பு எரிவதெப்படி என்ற பயமே பெண்களைப் புகாரை வாபஸ் வாங்கச் செய்கிறது. சுரங்கத்தில் மாதச் சம்பளம் பெறுபவனாயின், அதில் ஒரு பங்கை மனைவியிடம் நேரே கொடுக்கும்படி அவனுடைய எஜமானருக்கு மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அதற்கு 20-வது பிரிவு இடம் தருகிறது. தினக்கூலிக்காரன் உள்ளே போனால் பங்கு கேட்கச் சம்பளமே இராது. அவன் சிறையிலிருக்கும் மாதங்களுக்கு அவள் ஜீவனத்துக்கான தொகையை சர்க்கார் கொடுத்து, பின்னர் அவனிடம் வசூலிக்கட்டும். தண்டனையைக் கூட்டும் மசோதாவிலேயே இந்த ஷரத்தும் இடம்பெற வேண்டும்.