அக்கா படிக்கட்டும், அங்கீகாரத்தை நாம் பார்ப்போம்

சாலாக் செலாத்தானில் எங்கள் அடுக்குமாடியில் ஓர் அக்கா இருக்கிறார். எஸ்பிஎம் முடித்த கையோடு வேலைக்குப் போனவர். இப்போது வயது 34, இரண்டு பிள்ளைகள். அண்மையில் முகநூலில் வந்த விளம்பரம் ஒன்றைக் காட்டினார். வீட்டிலிருந்தே பட்டம் பெறலாம், இந்த வாரம் பதிந்தால் கட்டணக் கழிவு என்றிருந்தது. "சேரலாமா தம்பி?" என்று கேட்டார்.

மலேசியத் தகுதி முகவாண்மையின் (எம்கியூஏ) பதிவேட்டில் தேடிப் பார்த்தோம். கல்லூரியின் பெயர் இருந்தது. அவர் சேரவிருந்த பாடத்திட்டம் இல்லை.

பதினெட்டு வயதில் தவறான இடத்தில் சேர்ந்தால் மீண்டு வரக் காலம் இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர் தூக்கத்தையும், பிள்ளைகளோடு கழிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளையும், ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தையும் கொடுத்துப் படிக்கிறார். செல்லாத சான்றிதழ் வந்தால் இவற்றை யார் திருப்பித் தருவார்?

இயங்கலைக் கல்வியே தரக்குறைவு என்று நான் சொல்லவில்லை. மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 11 அரசுப் பல்கலைக்கழகங்களின் கூட்டு முயற்சியில் உருவானது. 2001இல் 753 மாணவர்களோடு வகுப்புகளைத் தொடங்கியது. பினாங்கில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வேலை செய்வோருக்கென்றே இத்தகைய கல்விக்கூடங்கள் வந்தன. ஆகவே, இயங்கலையா நேரடியா என்பதைவிட, அங்கீகாரம் உண்டா என்பதே முதல் கேள்வி.

கல்லூரிக்கு உரிமம் இருப்பது வேறு, பாடத்திட்டத்திற்கு அங்கீகாரம் இருப்பது வேறு. பதிவேட்டில் பாடத்திட்டத்தின் பெயரையே தேட வேண்டும். தற்காலிக அங்கீகாரமா, முழு அங்கீகாரமா என்றும் பார்க்க வேண்டும். பொறியியல், சட்டம், தாதிமை போன்ற துறைகளில் அந்தந்தத் தொழில்முறை வாரியம் ஏற்கிறதா என்று தனியே கேட்க வேண்டும்.

எஸ்பிஎம் தேர்ச்சி போதவில்லை என்று தயங்குவோருக்கும் வழி உண்டு. ஏபெல் எனப்படும் முன் அனுபவக் கற்றல் மதிப்பீட்டின்வழி, 21 வயதை எட்டியவர்கள் தொடர்புடைய வேலை அனுபவத்தைக் காட்டி, மதிப்பீட்டில் தேர்ச்சி பெற்றால் இளங்கலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். கடையிலோ தொழிற்சாலையிலோ கற்றதும் கல்விதான் என்று அரசே ஏற்றிருக்கும்போது, நம் வீடுகளில் அது இன்னும் பலருக்குத் தெரியவில்லை.

அதன் பிறகுதான் கட்டணம். மாதத் தவணையை மட்டும் கேட்டுவிட்டு நிற்காதீர்கள். முழுப் படிப்புக்கும் எவ்வளவு, பகுதிநேரமாகப் படித்தால் எத்தனை ஆண்டுகள், தேர்வு எங்கே, இரவுப் பணி உள்ளவர் நேரடி வகுப்பைத் தவறவிட்டால் பதிவு கிடைக்குமா, இடையில் நிறுத்தினால் பணம் என்னவாகும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மாணவர்களே, வீட்டில் இயங்கலைப் படிவங்களை நிரப்பித் தருவது பெரும்பாலும் நாம்தான். அம்மாவோ மாமாவோ படிக்க ஆசைப்பட்டால், "இந்த வயதில் எதற்கு?" என்று சிரிக்காமல், பத்து நிமிடம் ஒதுக்கிப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்வோம். நாம் படிப்பதற்காகத் தங்கள் படிப்பை நிறுத்தியவர்கள் அவர்களில் பலர்.

அந்த அக்கா இப்போது பதிவேட்டில் உள்ள வேறொரு பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, ஏபெல் மதிப்பீட்டுக்குத் தயாராகிறார். கட்டணக் கழிவு போய்விட்டது. அவருக்கு அதில் வருத்தமில்லை.